ஓடிபி ஸ்டெல்லாவிடம் இருந்தது

1. மெயில் நின்ற புதன்கிழமை

மறைமலை நகரில் எங்கள் கம்பெனியின் மெயில் நின்றுபோன நேரம், என் டைரிப்படி, புதன்கிழமை காலை 9.40. கார்களுக்கு, அதிர்வைத் தாங்கும் ரப்பர் புஷ் என்ற உதிரிபாகம் செய்து கொடுக்கும் சின்ன யூனிட் அது. ஆபீஸ், கணக்கு, காலண்டர் மூன்றும் என் பொறுப்பு.

அன்று மாலை ஐந்து மணிக்குள் ஒரு பெரிய கம்பெனிக்குக் கொட்டேஷன் போக வேண்டும். அந்த ஆர்டர் கைவிட்டுப் போனால் இரண்டாவது பிரஸ் மெஷினை நிறுத்த வேண்டியதுதான்; அதில் வேலை செய்யும் நான்கு பேரையும் கூட. பதிவான கம்பெனி மெயிலிலிருந்து வந்தால்தான் கொட்டேஷனை ஏற்பார்கள். ஜிமெயிலில் அனுப்பினால் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

முதலாளி சாமுவேல் சார் கார் சாவியை எடுத்தார். “வாங்க, தாம்பரம் போறோம். இன்னிக்கு அந்த பாலாஜிய உண்டு இல்லன்னு பண்ணிடறேன்.”

பாலாஜி எங்கள் ஹோஸ்டிங்காரர்; கம்பெனியின் வெப்சைட்டும் மெயிலும் அவர் சர்வரில்தான் ஓடுகின்றன. மேற்குத் தாம்பரத்தில் ஒரு மொபைல் கடைக்கு மேல் மாடியில் அவர் ஆபீஸ். வெப்சைட் தொடங்கியபோது மூன்று ஹோஸ்டிங் கம்பெனிகளை ஒப்பிட்டு நான் அட்டவணை போட்டுக் கொடுத்திருந்தேன். சார் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. “ஏதாவது ஆச்சுன்னா நேர்ல போய் சண்டை போட ஒரு ஆள் வேணும். வெளியூர்க்காரன் கிட்ட எப்படி சண்டை போடறது?” என்று பாலாஜியைத் தேர்ந்தெடுத்தார். ஜிஎஸ்டி ரோட்டில் அன்று அவர் ஓட்டிய வேகத்தில், இத்தனை நாள் இந்தச் சண்டைக்காகத்தான் காத்திருந்தார் என்று தோன்றியது.

2. சண்டைக்கு ஆள் இல்லை

பாலாஜி திரையைத் திருப்பிக் காட்டினார். “சர்வர் ஜம்முனு ஓடிகினு கீது சார். உங்க டொமைன்தான் எக்ஸ்பயரி ஆயிட்ச்சு.”

“ரினியூவல் அடுத்த மாதம் அல்லவா? காலண்டரில் சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறேனே!” என்றேன்.

“அது என் ஹோஸ்டிங் டேட் சார். வூடுதான் என்னுது. வாசல்ல மாட்டிகிற போர்டு நீங்க வேற எடத்துல வாங்கினது. அதுக்குத் தனி டேட்.”

உண்மைதான். வெப்சைட்டின் பெயரை, அதாவது டொமைனை, சார் முதல் வருடச் சலுகையைப் பார்த்து ஆன்லைனில் ஒரு ரிஜிஸ்ட்ராரிடம், அதாவது பெயர் விற்கும் வேறொரு கம்பெனியிடம், வாங்கியிருந்தார். என் தாத்தாவின் திவசத் திதி முதல் எங்கள் ஜெனரேட்டருக்கு ஆயில் மாற்றிய நாள் வரை குறித்து வைத்திருப்பவன் நான். இந்த ஒரு தேதியை விட்டுவிட்டேன். சார் என்னைப் பார்த்த பார்வையை டைரியில் குறிக்கவில்லை.

ரினியூ செய்ய ரிஜிஸ்ட்ராரின் அக்கவுண்டுக்குள் நுழைய வேண்டும். மெயிலில் ஓடிபி அனுப்பவா என்று கேட்டது. எந்த மெயில்? இப்போது செத்துக் கிடக்கும் அதே கம்பெனி மெயில். பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டியிருந்தோம். மிச்சம் இருந்த வழி ஒரு போன் நம்பர். கடைசி இரண்டு எண் 47.

“இது யார் நம்பர்?” என்றார் பாலாஜி.

சார் மின்விசிறியைப் பார்த்தார். அது ஸ்டெல்லாவின் நம்பர். டொமைன் வாங்கிய அன்று, “என் நம்பரக் குடுத்தா லோன் வேணுமா, பிளாட் வேணுமான்னு உயிர எடுப்பானுங்க. ஸ்டெல்லா நம்பரப் போடுங்க” என்று சொன்னவர் அவரேதான். ஸ்டெல்லா அப்போது எங்கள் ஆபீஸ் கிளார்க். பிறகு, சர்ச்சில் அறுப்பின் பண்டிகைக்கு அவர் லீவு கேட்டார், சார் மறுத்தார், அவர் போய்விட்டார், சார் கோபத்தில் நம்பரை பிளாக் செய்துவிட்டார். கிட்டத்தட்ட ஒரு வருடமாகப் பேச்சு இல்லை.

3. ஆறு எண்கள்

பாலாஜி அந்த நம்பருக்கு ஓடிபியைத் தட்டிவிட்டார். நான் என் போனிலிருந்து ஸ்டெல்லாவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன்.

“அண்ணா, நல்லா இருக்கீங்களா? இப்பதான் ஒரு ஓடிபி வந்தது. சார் பக்கத்துலதானே இருக்காரு? அவரையே கேக்கச் சொல்லுங்க.”

சார் தொண்டையைச் செருமினார். “ஸ்டெல்லா, அந்த ஆறு நம்பரச் சொல்லும்மா.”

“சொல்றேன் சார். பண்டிகைக்கு லீவு கேட்டது தப்பா சார்?”

“தப்பில்லம்மா.”

“அண்ணாவுக்குக் கேட்டிருக்காது. கொஞ்சம் சத்தமா.”

“தப்பே இல்லம்மா! தப்பு என்னுது! சீக்கிரம் சொல்லு, அஞ்சு நிமிஷத்துல எக்ஸ்பயரி ஆயிடும்!”

“எக்ஸ்பயரி ஆனா என்ன சார்? ஓடிபி இன்னொண்ணு வரும். நீங்க தப்புன்னு ஒத்துக்கறது திரும்ப வராது.”

பாலாஜி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள்கள் மட்டும் குலுங்கின. ஸ்டெல்லா ஆறு எண்களையும், பள்ளிக்கூடத்தில் டிக்டேஷன் கொடுப்பதுபோல், இரண்டு முறை சொன்னார்.

12.50க்கு டொமைன் ரினியூ ஆனது. ஆனால் மெயில் உயிர் பெற நேரம் ஆகும் என்றார் பாலாஜி. ஆபீசுக்குத் திரும்பிய சார் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தனக்குத்தானே டெஸ்ட் மெயில் அனுப்பினார். பதினான்காவது மெயில் 3.55க்கு வந்து விழுந்தது. 4.20க்குக் கொட்டேஷன் போயிற்று. அந்த மாதக் கடைசியில் ஆர்டர் வந்தது. இரண்டாவது பிரஸ் இன்றும் ஓடுகிறது.

நடுவில் ஸ்டெல்லா என் போனுக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருந்தார். டொமைன் முடியப்போகிறது என்று ரிஜிஸ்ட்ராரிடமிருந்து தன் நம்பருக்கு வந்த மூன்று நினைவூட்டல்களையும் அவர் அப்போதே சாருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். மூன்றிலும் ஒற்றை டிக். பிளாக் செய்த போனுக்கு அதற்கு மேல் போகாது. அதைக் காட்டியதும் சார் தன் போனை எடுத்து ஸ்டெல்லா நம்பரின் பிளாக்கை நீக்கினார்.

புதிதாகத் தொழில் தொடங்குபவர்களுக்கு இது: டொமைனை முதலாளி பெயரில், முதலாளி நம்பரில் வாங்குங்கள். அந்த அக்கவுண்டுக்கு வெளி மெயில் ஒன்றைக் கொடுங்கள். டொமைனுக்கும் ஹோஸ்டிங்குக்கும் தனித்தனித் தேதி. இரண்டு வட்டம் போடுங்கள். சண்டை போட வசதியான ஆளைத் தேடாதீர்கள். எச்சரிக்கிற ஆளைப் பிளாக் செய்யாதீர்கள்.

இப்போது எல்லாம் சார் பெயரில், சார் நம்பரில்தான் இருக்கிறது. இந்த வருட நினைவூட்டல் அவருக்கே வந்தது. அதை அவர் ஸ்டெல்லாவுக்கு அனுப்பிக் கேட்டிருக்கிறார்: “இது நெஜமா, இல்ல ஏமாத்து வேலையா, கொஞ்சம் பாத்துச் சொல்லும்மா.”

பதில் வர ஒரு நாள் ஆனது. அறுப்பின் பண்டிகையாம்.