சுகந்தி வீட்டுக் கம்ப்யூட்டருக்குக் காய்ச்சல்

கம்ப்யூட்டர் ரிப்பேரில் மிஷினைப் பிரிப்பது சுலபம். அது அந்த வீட்டில் எப்படிக் குடித்தனம் செய்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் பாடு. நடு வேலையில் சூடேறிப் பட்டென்று அணைகிற மிஷினோடு மல்லுக்கட்டுகிற அத்தனை பேருக்கும் இதைச் சொல்கிறேன். நான் படித்தது பூதிகோட்டைப் பள்ளிக்கூடத்தில். இந்த வேலையைக் கற்றது கல்யாணமாகி மாரிகுப்பம் வந்த பிறகு. இடுப்பில் மகள், தோளில் ஸ்க்ரூடிரைவர் பை, அவ்வளவுதான் என் கடை.

பக்கத்து ஊர் சாம்பியன் ரீப்ஸில் இருக்கும் சுகந்தி, பெங்களூர் கம்பெனி ஒன்றுக்காகக் கட்டப்போகிற கட்டடங்களைக் கம்ப்யூட்டரில் படமாகச் செய்கிறவள். காலை ரயிலுக்கு அவள் கிளம்பும்போது பையன் தூங்குவான், திரும்பும்போதும் தூங்குவான். அவன் முதல் அடி வைத்ததையே போனில்தான் பார்த்தாள். வீட்டு மிஷின் நாள் முழுக்க ஓடிச் செய்ய வேண்டிய ஒரு பெரிய படத்தை நடுவில் நிற்காமல் முடித்துக் காட்டினால் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். அதற்காகப் பிராசஸரை ஓவர்கிளாக் செய்து வேகத்தைக் கூட்டினாள். சூடு தணிய, குழாயில் தண்ணீர் ஓடுகிற கூலரும் மாட்டினாள். படத்தை ஓடவிட்டு ரயிலேறுவாள். ராத்திரி வந்தால் நூறு டிகிரியைத் தொட்டு அணைந்து கிடக்கும்.

பேஸ்ட்

ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்க் கூலரைக் கழற்றினேன். பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவே மெல்லிசாகத் தடவ வேண்டிய பேஸ்ட், சுண்ணாம்பு அடித்த மாதிரி அப்பிக் கிடந்தது. யார் தடவியது என்று கேட்டேன். சுகந்தி என் மகளைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விட்டாள்.

துடைத்து, கடுகளவு வைத்து மாட்டினேன். சூடு கொஞ்சம் இறங்கியது. "இன்னாக்கா பண்றது, கேக்குக்கு க்ரீம் மாதிரி நிறைய வெச்சா நல்லா குளிரும்னு நெனச்சேன்" என்றாள்.

குழாயில் காற்று

அடுத்த தடவை போனபோது கூலருக்குள் களக் களக் என்று சத்தம். காற்றுக்குமிழி பம்ப்பில் மாட்டியிருந்தது. பெட்டியை இப்படியும் அப்படியும் சாய்த்து, குமிழியை மேலே இருக்கும் ரேடியேட்டருக்கு ஏற்றிவிட்டேன். சத்தம் நின்றது. படத்தை ஓடவிட்டு டீ குடித்தபடி பார்த்தேன், எழுபதைத் தாண்டவில்லை. சுகந்தியின் மாமியார் எல்லாவற்றையும் பக்கத்திலேயே நின்று கவனித்தார். "வயித்துல காத்து அடைச்சா எனக்கும்தான் சூடு ஏறுது, என்னை யாரு இப்படி சாய்ச்சுப் பாக்குறாங்க" என்றார்.

மறுநாள் ராத்திரி சுகந்தியிடமிருந்து போன். மறுபடி நூறு, மறுபடி அணைந்திருக்கிறது. கம்பெனி கொடுத்த கெடு அந்த வாரத்தோடு சரி. அவள் குரலே இறங்கிப்போயிருந்தது. "நீங்க உக்காந்திருந்தா ஒழுங்கா ஓடுதுக்கா, வாசல் தாண்டினா படுத்துக்குது."

பால் பாட்டில்

மகளின் பால் பாட்டிலை அங்கே மறந்து வைத்திருந்தேன். அதற்காக மறுநாள் காலை சொல்லாமல் கொள்ளாமல் போனேன். சுகந்தி ரயிலேறியிருந்தாள். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது, நாலாக மடித்த வேட்டிக்குள்ளே. சூடான காற்று வெளியேறுகிற மேல்பக்கம் முழுக்க மூடிக் கிடந்தது.

எங்கள் பக்கம் காற்றுக் காலம் வந்தால் தங்கச் சுரங்கம் கொட்டிப்போன சயனைட் மேட்டிலிருந்து மண் பறந்து வீடெல்லாம் படியும். சோறு, குடம், டிவி எல்லாவற்றையும் மூடித்தான் வைப்போம். என் வீட்டிலும் அப்படித்தான். சுகந்தியின் மாமியார் சாயங்காலம் காற்று அடங்கினதும் வேட்டியை மடித்து வைத்துவிடுவார். விருந்தாளி வந்தாலும் எடுத்துவிடுவார். அதனால் சுகந்தியும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. கேட்டதற்கு அந்த அம்மா என்னை அதிசயமாகப் பார்த்தார். "தண்ணி இருக்கிற சாமானாச்சேம்மா, தொறந்து போட்டா மண்ணு விழாதா?"

கொசுவலை

அவர் பயமும் பொய்யில்லை. ரேடியேட்டரில் மண் அடைத்தாலும் சூடேறும். மேலே எதையும் போடக்கூடாது என்று சொல்லி, காற்று உள்ளே போகிற முன்பக்கத்துக்குக் கொசுவலையைக் கத்தரித்து இழுத்துக் கட்டினேன். வலை காற்றைக் கொஞ்சம் தடுக்கும் என்பதால் ஓவர்கிளாக்கையும் ஒரு படி இறக்கினேன். படம் மெதுவாக வரும், ஆனால் நிற்காது. வலையை அலசுகிற பொறுப்பு மாமியாருக்கு.

கெடுவின் கடைசி நாள் சுகந்தி லீவு போட்டுவிட்டு மிஷின் முன்னால் உட்கார்ந்தாள். காலையில் ஆரம்பித்த படம் சாயங்காலம் முழுசாக வந்தது. எண்பதைத் தொடவே இல்லை. இப்போது திங்கட்கிழமை மட்டும்தான் அவளுக்கு ரயில். போன வாரம் மறுபடி போன் வந்தது, மிஷின் பாதியில் அணைகிறதாம். வலையை அலசவில்லையா என்று கேட்டேன். அவளோ சிரிக்கிறாள். "சூடெல்லாம் இல்லக்கா, என் பையன்தான் தத்தித் தத்தி வந்து அந்த நீல லைட்டு பட்டனை அமுக்கிட்டு என் மடியில ஏறிக்கிறான்."

எந்தச் சூட்டுக்கும் வழியுண்டு மக்களே, மினுக்குகிற பட்டனுக்கும் நடை பழகுகிற பிள்ளைக்கும் நடுவே மாட்டுகிற பார்ட் மட்டும் இன்னும் எந்தக் கடைக்கும் வரவில்லை.