வெள்ளை டேங்க் தெரியாத பின்னேரம்

மண்ணெண்ணெய் வாசமும் ஈரக் கயிற்று வாசமும் சேர்ந்தால் எப்படி இருக்கும் தெரியுமா... எனக்கு அதுதான் முதல் வேலையின் வாசம்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. காலையில் கலஹாவிலிருந்து ஒரு பஸ், கண்டியில் இறங்கி இன்னொரு பஸ். மகாவலி நீர்த்தேக்கத்தில் மிதக்கும் ஒரு சின்ன மேடை. கொழும்புப் பக்கமிருந்து வரும் சீபிளேன் அங்கேதான் தண்ணீரில் இறங்கும்.

பயணிகளைப் பையோடு தராசில் ஏற்றி எடை எழுதுவது என் வேலை. செருப்பைக் கழற்றிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறும் ஆன்ட்டிமாரை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். புறப்படும் முன், சரிபார்க்க வேண்டியவற்றை அச்சிட்ட ஒரு கார்டில் உள்ள பன்னிரண்டு வரியையும் சத்தமாக வாசிக்க வேண்டும். பைலட் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்ன பிறகுதான் விமானத்தை மேடையோடு கட்டிய கயிற்றை அவிழ்ப்பேன்.

நஸார் கேப்டனுக்கு அந்தக் கார்டு என்றாலே சலிப்பு. மூன்றாவது வரிக்கு வருமுன்னே, "எல்லாம் சரியா ஈக்கி புள்ள, கெதியா வாசிங்க" என்று அவசரப்படுத்துவார். அப்படிச் சொல்ல அவருக்குத் தகுதி இருந்தது. அவர் இறக்கினால், தண்ணீரைத் தொட்டதே தெரியவில்லை என்பார்கள் பயணிகள். வரும்போதெல்லாம் எங்களுக்குத் தின்னச் சீனிச் சம்பல் பணிஸ் கொண்டுவருவார். மேடையில் இருந்த எல்லோருக்கும் அவர்தான் ஹீரோ.

அந்தப் பன்னிரண்டாவது வரி... எதிர் மலையில் இருக்கும் வெள்ளைத் தண்ணீர் டேங்க் பைலட்டுக்கும் தெரிய வேண்டும், கயிறு பிடிப்பவருக்கும் தெரிய வேண்டும். ஒருவருக்குத் தெரியாவிட்டாலும் பயணம் இல்லை.

ஒரு நாள் பின்னேரம், மலையை மூடிக்கொண்டு மூட்டம் இறங்கியது. அன்றைக்குத்தான் கேப்டனின் ஒரே மகள் படிப்பதற்கு வெளிநாடு போகிறாள். கடைசிப் பயணத்தை முடித்துக்கொண்டு, விமான நிலையத்தில் அவளை வழியனுப்புவதாக ஏற்பாடு. பயணிகள் நாலு பேரும் ஏறிவிட்டார்கள்.

"டேங்க் தெரியுதா சார்?"

"தெரியுது. கயித்த உடுங்க."

நான் பார்த்தேன். வெறும் வெள்ளை.

"எனக்குத் தெரியல சார்."

ஜன்னலால் தலையை நீட்டினார். "புள்ள, நான் இருபத்தஞ்சு வருஷமா பறக்கிறன். நீங்க வந்து ரெண்டு மாசம்."

"ஆமா சார். ஆனா தெரியலயே..."

வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அவர் ஒரு வார்த்தை சொன்னால் மறுநாள் நான் வீட்டில்தான். அதைவிட, அந்த மூட்டத்திலும் அவரால் முடியும் என்று நானே நம்பினேன். ஆனாலும் முடிச்சை அவிழ்க்கவில்லை. வீராப்பெல்லாம் இல்லை, கார்டில் இருப்பதை மீறப் பயம்தான்.

அரை மணி நேரம் காத்திருந்தோம். மூட்டம் விலகவில்லை. அவர் இறங்கி, பயணிகளோடு வேனில் ஏறிப் போனார்.

வழியில் பிலிமத்தலாவையில் வாகன நெரிசல். அவர் போய்ச் சேருமுன் மகள் விமான நிலையத்துக்குள்ளே போய்விட்டாள் என்று வேன் டிரைவர் போனில் சொன்னார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் காலை விமானத்தை எடுக்க வந்தார். ஏச்சு விழப்போகிறது என்று நினைத்துக்கொண்டே கார்டை வாசித்தேன். பன்னிரண்டு வரிக்கும் நிதானமாகப் பதில் சொன்னார். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. டேங்க் இருவருக்குமே தெரிந்தது. நான் முடிச்சில் கை வைத்தேன்.

"நேத்து எனக்கும் தெரியல்ல புள்ள," என்றார். "மகட மொகம் மட்டுந்தான் தெரிஞ்சிச்சு."

போன மாதம் அந்தப் பக்கம் போயிருந்தேன். இப்போது கார்டு இல்லை, டேப்லட். எதிர் மலையை கேமரா பார்த்துக்கொள்கிறது. மூட்டம் இறங்கினால் திரை சிவப்பாகிவிடும், யாரும் யாரோடும் மல்லுக்கட்டத் தேவையில்லை. நல்லதுதான், மனதாரச் சொல்கிறேன்.

ஆனால் திரை தடுத்த பைலட், மறுநாள் வந்து யாரிடமும் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. இருபத்தைந்து வருஷ அனுபவம் உள்ள ஒருவர், வேலைக்கு வந்து இரண்டு மாதமான ஒருத்தியிடம் அப்படிச் சொல்ல எவ்வளவு பெரிய மனசு வேண்டும்... அந்த மனுஷனைத்தான் மனம் தேடுகிறது.