விளம்பரத்துக்குப் போணி

அக்கா நெல் அறுக்கும் மெஷின் வாங்கிய வருடம், அது ஒரத்தநாட்டில் அவள் வீட்டு வாசலில் சும்மா நின்றது. டயர் இல்லாத பெல்ட் வண்டி, சேற்றிலும் இறங்கும். ஆனால் எங்கள் பக்கம் எந்த வயலுக்கு எந்த மெஷின் போவது என்பதைப் புரோக்கர்கள்தான் முடிவு செய்வார்கள். ஓனர் ஒரு பெண் என்றதும் போனை வைத்துவிடுவார்கள். சம்பா அறுப்பு முடிந்துவிட்டால் மெஷினுக்கு அந்த வருடப் பிழைப்பு அவ்வளவுதான்.

நான் தஞ்சாவூரில் தேடுபொறி விளம்பரம் பார்த்துக் கொடுப்பவன். போனில் யாராவது ஒன்றைத் தேடினால், அந்தச் சொல்லுக்கு ஏலம் கேட்டவர்களின் விளம்பரம் மேலே வரும். யாராவது தட்டினால்தான் காசு. புரோக்கர் இல்லாமலே பார்த்துவிடலாம் என்று ‘அறுவடை இயந்திரம்’ என்ற சொல்லுக்கு ஏலம் கேட்டு, அக்காவின் நம்பரோடு விளம்பரம் போட்டேன்.

அன்றைக்கு ஒதுக்கிய பணம் காலை டிபனுக்குள் காலி. ஓர் அழைப்புகூட இல்லை. மறுநாளும் அதே கதை, போதாததற்கு ஒரு தட்டுக்கு ஆகும் செலவும் ஏறியிருந்தது. எரிச்சலைவிட எனக்கு ஆவல்தான் அதிகம். ஒரத்தநாட்டில் விடிந்ததும் விடியாததுமாக யார் இப்படித் தட்டுகிறார்கள்? அக்காவிடம் கேட்டேன்.

“நம்ம ஆளுங்கதான்டா. மொதல்ல அத்தை கையால போணி ஆகட்டும்னு அவங்களத் தட்டச் சொன்னேன், கைராசிக்காரங்கல்ல. அப்புறம் குடும்ப குரூப்புல சொன்னேன், எல்லாரும் ஆளுக்கொரு தடவை…”

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அக்காவின் மாமியார் தினமும் விளக்கேற்றிவிட்டு விளம்பரத்தைத் தட்டி, கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, உடனே போனை மூடிவிடுகிறாராம். வந்தவர்கள் நொடியில் திரும்பிவிட்டால் இந்த விளம்பரம் யாருக்கும் உதவாது என்று தேடுபொறி நினைத்துக்கொள்ளும். மதிப்பைக் குறைத்துவிட்டு, அதே இடத்துக்கு இன்னும் அதிகம் கேட்கும். அத்தையிடம் பொறுமையாக விளக்கினேன்.

“பாத்தாக்கூடவா தம்பி காசு?” என்றார். நியாயமான கேள்விதான்.

அந்த வாரம் காலம் தவறி மழை பிடித்துக்கொண்டது. விளைந்த நெல் பல இடங்களில் சாய்ந்துவிட்டது. அப்படி ஒரு வயலோரம் நிற்பவர் போனில் என்ன தேடுவார் என்று யோசித்தேன். ‘அறுவடை இயந்திரம்’ என்று பாடப்புத்தகத்தில் எழுதுவார்கள், வரப்பில் நின்று யார் சொல்கிறார்கள்? குடும்ப குரூப்பில் கேட்டேன்: “இனிமே தட்டாதீங்க. உங்க நெல்லு சாஞ்சா போன்கிட்ட எப்படிக் கேப்பீங்களோ, அப்படியே பேசி அனுப்புங்க.” குரல்கள் வந்து குவிந்தன. சாஞ்ச நெல்லு அறுக்குற வண்டி, சேத்துல எறங்குற பெல்ட் வண்டி, மணி உதிராம அறுக்குற மெஷின். அவற்றையே சொற்களாகப் போட்டேன், விளம்பரத்தையும் அதே பேச்சில் எழுதினேன். அந்தச் சொற்களுக்கு வேறு யாருமே ஏலம் கேட்டிருக்கவில்லை. விலை மளமளவென்று இறங்கியதைப் பார்த்துக் குழந்தை மாதிரி குதூகலித்தேன்.

மழை விட்ட அன்று நானும் அக்கா வீட்டில்தான் இருந்தேன். போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

“மெஷின் ஓனர்கிட்ட குடும்மா.”

“நான்தாங்க ஓனர்.”

புரோக்கர்கள் போனை வைத்துவிடும் இடம் இதுதான். அக்கா போனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“ஈரத்துல நெல்லு மொளச்சிரும் போலருக்குங்க,” என்றார் அவர். “வண்டி எப்பங்க வரும்?”