பிரியாணி ஏற்றிய பிக்கப்பில் ஒரு பட்டன்

போன ஞாயிற்றுக்கிழமை, கீரப்பாளையத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், மூன்று தேக்சா, அதாவது மூன்று பெரிய அண்டா, பிரியாணியோடு நான் ரோட்டில் பக்கவாட்டாகப் போனேன்.

நேராகப் போயிருக்கிறேன். ரிவர்ஸில் போயிருக்கிறேன். பக்கவாட்டாகப் போனது இதுதான் முதல் தடவை. பயப்படாதீர்கள்... கை கால் எல்லாம் சரியாக இருக்கிறது, அதனால்தான் இந்த வாரமும் உங்களுக்கு என்னிடமிருந்து விடுதலை இல்லை.

வண்டி சலீமுடையது. என் மனைவியின் தம்பி. பதினெட்டு வருஷம் சவுதியில் பிக்கப் ஓட்டிவிட்டு, ஊர் திரும்பி, கடலூர் செம்மண்டலத்தில் பைப், மோட்டார் கடை வைத்திருக்கிறான். மூன்று மாதத்துக்கு முன்னால் சொந்தமாக ஒரு டபுள் கேபின் பிக்கப் வாங்கினான். முன்னால் ஐந்து பேர் ஏசியில் உட்காரலாம், பின்னால் லோடு ஏற்றலாம். வாங்கிய நாளிலிருந்து வீட்டில் யாரும் அவனோடு வேறு விஷயம் பேச முடியவில்லை.

அந்த வண்டியில் ஒரு பட்டன் உண்டு. கியருக்கு முன்னால், ஏசி குமிழுக்குக் கீழே. ஒரு குட்டிக் கார் படம், அதன் பின்னால் நெளிந்து நெளிந்து இரண்டு கோடு. டிராக்‌ஷன் கன்ட்ரோல், ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் என்கிறார்களே, அதை அணைக்கிற பட்டன். சக்கரம் பிடிப்பில்லாமல் சும்மா சுற்றினால் இன்ஜின் வேகத்தைக் குறைப்பது முதலாவதின் வேலை. ஸ்டியரிங் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம் என்று இழுத்துக்கொண்டு போனால், எந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு பிரேக் என்று தானே கணக்குப் போட்டு வண்டியை நேராக்குவது இரண்டாவதின் வேலை. சாவி போட்டதுமே இரண்டும் தானாக ஆன் ஆகிவிடும். ஓட்டுகிறவர் ஒன்றுமே செய்ய வேண்டாம்.

ஒன்றுமே செய்ய வேண்டாம் என்றால் நம் ஆட்களுக்குப் பொறுக்குமா?

சலீம் சாவி போடுவான். பிஸ்மில்லாஹ் சொல்வான். உடனே அந்தப் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுவான். இதே வரிசைதான், ஒரு நாளும் தப்பாது.

“ஏன் மச்சான் அத அணைக்கிற?” என்று ஒருநாள் கேட்டேன்.

“பாலைவனத்துல மணல்ல எறங்கறதுக்கு முன்னாடி மொத வேலையே அதான் மச்சான். இல்லன்னா வண்டி மூச்சடச்சி நின்னுடும். பதினெட்டு வருசப் பழக்கம்.”

அது உண்மைதான். புதை மணலில் சக்கரம் கொஞ்சம் பறந்து சுற்றினால்தான் வண்டி நகரும். ஆனால் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் எந்தப் பாலைவனம் இருக்கிறது? இதையும் கேட்டேன்.

“இதெல்லாம் ஓட்டத் தெரியாதவனுக்கு வெச்சிருக்கான் மச்சான். நம்ம கைக்கு முன்னாடி கம்ப்யூட்டர் இன்னா பண்ணிடும்?”

அணைத்து வைத்தால் டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். கண்ணை உறுத்துகிறது என்று சலீம் அதன் மேல் ஒரு பிறை நட்சத்திர ஸ்டிக்கரை ஒட்டிவிட்டான். பிரச்சினை தீர்ந்தது! எச்சரிக்கை விளக்கு கண்ணில் படாவிட்டால் ஆபத்தும் இல்லை என்பது நம் நாட்டு இன்ஜினியரிங்.

அவனை மட்டும் சொல்லிப் பயனில்லை. சீட் பெல்ட் போடச் சொல்லி கார் கத்துகிறது என்பதற்காக, பெல்ட்டே இல்லாத வெறும் கொக்கியைக் கடையில் வாங்கிச் சொருகி வைத்திருக்கும் பெரிய மனிதர்களை எனக்குத் தெரியும். அவ்வளவு ஏன்... என் மகன் வாங்கிக் கொடுத்த வாட்ச், மணிக்கு ஒரு தரம் ‘எழுந்து நட’ என்றது. மூன்றாம் நாளே அதன் வாயை அடைத்துவிட்டேன். நம்மைத் திருத்த வருகிற எதையும் நமக்குப் பிடிக்காது. அதற்கு ஒரு பட்டனும் இருந்துவிட்டால் கேட்கவா வேண்டும்?

சரி, பிரியாணிக்கு வருகிறேன்.

சலீமுக்கு ஒரே மகள், ரிஸ்வானா. சிதம்பரத்தில் ஒரு லேபில் வேலை. கடை லோடு எடுத்துக்கொண்டு சலீம் தினமும் காலையில் அந்தப் பக்கம்தான் போவான். அவளும் அத்தாவோடு முன் சீட்டில் உட்கார்ந்து போவாள். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு நிக்காஹ். மாப்பிள்ளை சேத்தியாத்தோப்பு. மண்டபமும் அங்கேதான். சாப்பாடு மட்டும் எங்கள் பொறுப்பு என்று சலீம் சம்பந்தியிடம் வாக்குக் கொடுத்துவிட்டான். கடலூர் பண்டாரி ஹமீது பாய் கையால் ஆக்கின பிரியாணிதான் பந்திக்கு வரும் என்று ஊர் முழுக்கச் சொல்லியும் வைத்தான்.

ஹமீது பாயோ, எங்கள் ஊர்த் தண்ணீரை விட்டு வெளியே வந்து ஆக்க மாட்டேன் என்று அடம். ஆகவே கடலூரில் ஆக்கி, தம் போட்டு, மூடியைச் சுற்றி மாவு பூசி, சுடச்சுட சேத்தியாத்தோப்புக்குக் கொண்டு போக வேண்டும். லுஹர் என்கிற மதியத் தொழுகை முடிந்து நிக்காஹ். நிக்காஹ் முடிந்ததும் பந்தி. முந்நூறு பேர் பசியோடு உட்கார்ந்திருப்பார்கள்.

“ஒரு டிரைவர் போட்டு வேன்ல அனுப்புடா. பொண்ணப் பெத்தவன் மண்டபத்துல நிக்க வேணாமா?” என்றாள் என் மனைவி.

“என் மவ கல்யாணச் சாப்பாடுக்கா. என் கையாலதான் போய்ச் சேரணும்.”

பெண்களும் மணமகளும் காலையிலேயே வேனில் கிளம்பிவிட்டார்கள். பிக்கப்பில் சலீம், பக்கத்தில் நான், பின் சீட்டில் ஹமீது பாய். அவருக்கும் பின்னால், கயிறு போட்டு இறுக்கிய மூன்று தேக்சா. சாவி... பிஸ்மில்லாஹ்... பட்டன் ஆஃப்.

சிதம்பரம் வரை ஒரு குறையும் இல்லை. கீரப்பாளையம் தாண்டியதும் உளுந்து ஆரம்பித்தது.

அந்தப் பக்கத்து ஆட்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அறுத்துக் காயவைத்த உளுந்துச் செடியை ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற பஸ்ஸும் லாரியும் ஏறி நசுக்கும். நெற்று உடைந்து பயறு கொட்டும். பிறகு கூட்டி, தூற்றி, மூட்டை கட்ட வேண்டியதுதான். அடிக்கிற கூலி மிச்சம். நாம் எல்லோரும் சம்பளம் வாங்காமல் உளுந்து அடித்துக் கொடுக்கிறோம்.

எங்கள் இடப்பக்கம் பாதி ரோட்டுக்கு உளுந்து. எதிரே ஒரு பஸ், தனக்குப் பாதி ரோடு போதாது என்ற முடிவோடு வந்தது. சலீம் இடப்பக்கம் ஒடித்து, பிரேக்கை மிதித்தான்.

உருண்டை உருண்டையாகப் பயறு, அதன் மேல் ஒரு பக்கச் சக்கரங்கள். மறு பக்கச் சக்கரங்கள் நல்ல தாரில். ஒரு பக்கம் வழுக்குகிறது, ஒரு பக்கம் பிடிக்கிறது. வண்டி என்ன செய்யும்? சுழலும். பின்னால் இருக்கிற கனம் முன்னால் வரப் பார்த்தது. இந்த ஒரு நொடிக்காகத்தான் யாரோ படித்தவர்கள் வருஷக்கணக்கில் உட்கார்ந்து அந்த ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அதை நாங்கள் வீட்டு வாசலிலேயே அணைத்துவிட்டு வந்திருந்தோம்.

ரோட்டோரத்தில் முறத்தோடு நின்றிருந்த ஒரு அம்மா துள்ளி விலகியதைப் பார்த்தேன். பிறகு வானம், பிறகு வரப்பு. பிறகு ஒரு குலுக்கலோடு வண்டி நின்றது. மோட்டார் தண்ணீர் பாய்ந்த வாய்க்கால் ஓரத்தில், பின் சக்கரம் இரண்டும் சேற்றில்.

யாருக்கும் அடி இல்லை. சலீமின் முகத்தில் ரத்தமே இல்லை. ஹமீது பாய் இறங்கி ஓடி மூன்று மூடியையும் தொட்டுப் பார்த்துவிட்டு, “தம் போவல” என்றார். எங்களுக்கு உயிர் போனதா என்று அவர் கேட்கவே இல்லை.

மணி பன்னிரண்டரை. சேத்தியாத்தோப்பில் இந்நேரம் பாங்கு சொல்லியிருப்பார்கள். சலீம் ஆக்சிலேட்டரை மிதித்தான். வண்டி அசையவில்லை. பதற்றத்தில் அந்தப் பட்டனை அழுத்தினான். அது ஏற்கனவே ஆஃபில் இருந்ததல்லவா... இப்போது ஆன் ஆகிவிட்டது. சக்கரம் சேற்றில் சுற்றப் பார்க்கும்போதெல்லாம் டிராக்‌ஷன் கன்ட்ரோல் பொறுப்பாக இன்ஜினை அடக்கியது. மிதித்தால் உர்ர்... என்று முனகிவிட்டுப் படுத்துக்கொண்டது.

ரோட்டில் வேண்டும்போது ஆஃப். சேற்றில் வேண்டாதபோது ஆன். கடிகாரத்தைத் தலைகீழாக மாட்டியது போல் எல்லாம் கச்சிதமாகத் தப்பு!

டேஷ்போர்டு பெட்டியில் வண்டியின் புத்தகம் பாலிதீன் உறைகூடப் பிரிக்காமல் இருந்தது. கிழித்து எடுத்துப் படித்தேன். சேற்றிலோ மணலிலோ மாட்டிக்கொண்டால் அந்தக் கன்ட்ரோலை அணைத்து, மெதுவாக வெளியே எடுக்கவும், தார் ரோடு ஏறியதும் மறுபடி ஆன் செய்யவும் என்று போட்டிருந்தது.

“அதத்தான மச்சான் நானும் சொல்றேன்!” என்றான் சலீம்.

அவனை என்ன செய்யலாம்?

அதற்குள் முறத்து அம்மா வந்துவிட்டார். “கண்ணு இன்னா பொடனியிலயா இருக்குது? இன்னும் ஒரு அடி வந்திருந்தா என் கதி இன்னாத்துக்கு ஆவறது?” என்று ஆரம்பித்துத் திட்டித் தீர்த்தார். சலீம் கையெடுத்துக் கும்பிட்டான். “எம் பொண்ணு கல்யாணம்மா. சாப்பாடு போவுது” என்றான்.

அந்த அம்மா ஒரு நிமிஷம் தேக்சாக்களைப் பார்த்தார். திரும்பி, களையெடுத்துக்கொண்டிருந்தவர்களைக் கூப்பிட்டார். ஆறேழு பேர் தோள் கொடுத்தார்கள். பட்டனை அணைத்தோம், சக்கரத்துக்கு அடியில் உளுந்துக் கொடியையே அள்ளிப் போட்டோம், வண்டி மெதுவாக ரோடு ஏறியது. நான் முறத்து அம்மாவிடம் நன்றி சொல்லப் போனேன்.

“அதெல்லாம் இருக்கட்டும். அந்தாண்ட மூலையில இன்னும் நசுங்கல. ஒரு தபா பின்னாடி எடுத்து ஏத்திட்டுப் போங்க” என்றார்.

ஏற்றிவிட்டுத்தான் போனோம்.

மண்டபத்தில் நிக்காஹ் முடிந்து எல்லோரும் பந்தியில் உட்கார்ந்து, வெறும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முக்கால் மணி நேரம் லேட். மூடியைத் திறந்தார் ஹமீது பாய். ஆவி எழும்பியது. வாசனை வந்ததும் முந்நூறு பேரும் எங்களை மன்னித்துவிட்டார்கள். ஓரத்தில் நின்று சலீம் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அத்தோடு விட்டானா? சாப்பிட்டு முடிப்பதற்குள் பழைய சலீம் திரும்பிவிட்டான். சம்பந்தியிடம் கதை நடந்தது. “வேற ஒருத்தன் கையில இருந்திருந்தா வண்டி உருண்டிருக்கும் சம்பந்தி. மூணு மாசமா கன்ட்ரோல அணைச்சி வெச்சிதான் ஓட்டுறேன். மழையில, சேத்துல... ஒரு நாளு, ஒரு இஞ்ச் ஆடினதில்ல. இன்னிக்கி உளுந்து ஜாஸ்தி, அதான்.”

மகளை அனுப்புகிற நேரம். ரிஸ்வானா அத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

“அத்தா... அந்தப் பட்டன நான் தெனமும் ஆன் பண்ணிடுவேன்த்தா.”

சலீமுக்குப் புரியவில்லை. “எத?”

“நீங்க ஆஃப் பண்ணுவீங்க. மெயின் ரோட்ல ஏறும்போது வலது பக்கம் திரும்பிப் பாப்பீங்க இல்ல... அப்ப ஒரு தட்டு தட்டி ஆன் பண்ணிடுவேன். வெளக்கு மேல ஸ்டிக்கர் இருக்கறதால உங்களுக்குத் தெரியல.”

“மூணு மாசமாவா? சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா கேப்பீங்களா?” அவளுக்கு அழுகை வந்துவிட்டது. “இனிமே முன் சீட்ல நான் இருக்க மாட்டேன். நீங்களே பாத்துக்கணும்த்தா.”

சலீம் அவள் தலையில் கை வைத்தான். கண்ணை மூடித் துவா செய்தான். எனக்கும் கண் கலங்கியது, மறைப்பானேன்?

திரும்பும்போது சாவி போட்டான். பிஸ்மில்லாஹ் சொன்னான். கையை ஸ்டியரிங்கிலேயே வைத்துக்கொண்டான். சிதம்பரம் தாண்டியதும், ரோட்டைப் பார்த்தபடியே கேட்டான்.

“அப்ப இந்த மூணு மாசமா வண்டிய நல்லா ஓட்டுனது நான் இல்லியா மச்சான்?”

“பாதி நீதான் ஓட்டின” என்றேன்.

பாதி கொஞ்சம் ஜாஸ்திதான்.