வேட்டியில் பட்ட ஆரத்தி

என் கல்யாண வேட்டி கொலை வழக்கொன்றின் சான்றுப் பொருளாகும் பெருமையைப் பெற்றது யுத்த காலத்தில், கொழும்பு வெள்ளவத்தையில். கோயிலில் தாலி கட்டிவிட்டுப் பெண் வீட்டுக்கு வந்தபோது மாமி வாசலில் ஆரத்தி சுற்றினார். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த சிவப்புத் தண்ணீர். மாமியாருக்குரிய பதற்றத்தில் பாதித் தட்டை என் வேட்டியில் கவிழ்த்துவிட்டார்.

அன்று காலை பக்கத்து ஒழுங்கையில் யாரையோ சுட்டுக் கொன்றிருந்தார்கள். மத்தியானம் வீடு வீடாகச் சோதனை. பொலிஸ் படியேறும் சத்தம் கேட்டதும் மாமி ஓடிப்போய், நான் மாற்றிப் போட்டிருந்த வேட்டிக்குச் சவர்க்காரம் போட்டார். மஞ்சள் கறையில் சவர்க்காரம் பட்டால் இன்னும் சிவக்கும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அந்த நேரம் பார்த்து மறந்துபோனார்.

"லே?" என்றார் சார்ஜன்ட். இரத்தமா என்று கேட்கிறார்.

"ஐயோ, இல்லை மாத்தயா! கஹ... ஹுணு..." மஞ்சள், சுண்ணாம்பு என்று தனக்குத் தெரிந்த சிங்களத்தில் மாமி மன்றாடினார்.

மஞ்சளும் வெள்ளையும் சேர்ந்தால் சிவப்பு எப்படி வரும் என்று சார்ஜன்ட் மடக்கினார். "பொறுங்கோ, கரைச்சுக் காட்டிறன்" என்று மாமி குசினிக்கு ஓடப் பார்த்தார். அதையெல்லாம் விஞ்ஞானம் பார்த்துக்கொள்ளும் என்று தடுத்துவிட்டார்கள். விஞ்ஞானம் என் வேட்டியை ஈரத்தோடு சுருட்டி, கான்ஸ்டபிளின் சோற்றுப் பார்சல் இருந்த பைக்குள்ளேயே திணித்தது. என்னை ஜீப்பில் ஏற்றியது.

வேட்டியைச் சோதித்த ஆய்வுகூட அறிக்கை வர ஏழு வாரம்; அதுவரை நான் உள்ளே. இரத்தம் என்று யாராவது ஒரு வரி எழுதிவிட்டால் நான் கொலைகாரன். மனைவியின் முகத்தையே இன்னும் ஒழுங்காகப் பார்க்காதவன், பயத்தில் வெந்துகொண்டிருந்தேன். கடைசியில் வந்தது: மனித இரத்தம் இல்லை, மஞ்சள், சுண்ணாம்பு, மீன் குழம்பு.

மீன் எப்படி வந்தது என்று அதற்கும் என்னிடமே விளக்கம் கேட்டார்கள்.

"சைவக் கல்யாணம் சேர்" என்றேன். கான்ஸ்டபிள் கூரை முகட்டைப் பார்த்தார்.

விடுதலையாகி வீட்டுக்கு வந்து நான் கழற்றிப் போட்ட சேட்டை மனைவி தூக்கிப் பார்த்தாள். கொலரிலிருந்து நெஞ்சு வரை காய்ந்து கறுத்திருந்தது. முதல் நாள் விசாரணையில் என் மூக்கை உடைத்திருந்தார்கள். ஏழு வாரமும் அதே சேட்டோடுதான் அவர்கள் முன்னால் நின்றேன். ஒருவரும் அதைப் பையில் போட்டுக் கட்டவில்லை.

"இது மஞ்சள் இல்லையே" என்றாள். "இதை ஆரிட்டையும் குடுத்துச் சோதிக்கச் சொல்லேலாதா?"

"வேண்டாம். கழுவிவிடுவம்" என்றேன்.

இருவரும் குழாயடியில் குந்தியிருந்து தேய்த்தோம். எங்கள் வாழ்க்கையில் நாங்கள் அழித்த ஒரே சான்று அதுதான்.