பட்டினியில் போட்ட ஊசி

ராஜபாளையத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் நான் நர்ஸாக வேலை பார்க்கிறேன். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். அன்றைக்கும் காலை டியூட்டிக்கு ஏழு மணிக்கெல்லாம் வார்டில் இருந்தேன்.

வ. புதுப்பட்டியிலிருந்து ஒரு விவசாயி குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்து சேர்ந்திருந்தார். சர்க்கரை நோயாளி. துணைக்கு அவருடைய மனைவி மட்டும். ஒன்பது மணிக்கு ஆபரேஷன். முந்தின இரவிலிருந்து வெறும் வயிறு. காலையில் இன்சுலின் பாதி அளவு போட வேண்டும், தியேட்டருக்குள் போனதும் குளுக்கோஸ் ஏற்றுவார்கள் என்று சர்க்கரை டாக்டர் ஃபைலில் எழுதியிருந்தார். எழுதியபடியே ஏழரைக்கு ஊசி போட்டேன்.

ஒன்பது ஆனது, பத்தும் ஆனது. தியேட்டருக்குப் போன் செய்தேன். "கூப்பிடுவோம், வைங்க சிஸ்டர்" என்று யாரோ சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள்.

அந்த அம்மா வந்தார். "ஏம்மா, நேத்திலருந்து பச்சத்தண்ணி பல்லுல படல. அவியளுக்கு ஒரு வாய் காப்பி குடுக்கலாமா?"

"ஆபரேஷனுக்கு முன்னாடி ஒண்ணுமே குடுக்கக் கூடாதும்மா. செத்த நேரம் பொறுங்க."

பதினொன்றுக்கு மறுபடியும் வந்து நின்றார். "இன்னும் எம்புட்டு நேரம்மா ஆகும்?"

வார்டு நிறைய நோயாளிகள். நானும் இன்னொரு பெண்ணும்தான். "நானா ஆபரேஷன் பண்ணுதேன்? கூப்பிட்டா சொல்ல மாட்டேனா?" என்று எரிந்து விழுந்தேன். அவர் திரும்பிப் போனார். அப்போதே மறுபடி போன் அடித்திருக்க வேண்டும். விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரையைப் பார்த்திருக்க வேண்டும். இரண்டையும் நான் செய்யவில்லை.

பன்னிரண்டு மணி சுமாருக்கு அவர் ஓடி வந்தார். "ஏம்மா, அவிய ஒரு மாதிரி பேசுதாக. என்னையவே யாருன்னு கேக்காக."

போய்ப் பார்த்தால், மனிதர் வியர்வையில் தொப்பலாக நனைந்து கிடந்தார். கை நடுங்கியது. சர்க்கரை ஐம்பதுக்கும் கீழே. டியூட்டி டாக்டரைக் கத்திக் கூப்பிட்டேன். அவர் வந்து சொல்லச் சொல்ல நரம்பில் குளுக்கோஸ் செலுத்தினேன். சில நிமிடங்களில் கண் தெளிந்தது. "தோட்டத்துல மோட்டார அமத்தியாச்சா?" என்று மனைவியிடம் கேட்டார். அந்த அம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதார்.

விறுவிறுவென்று தியேட்டருக்கே போனேன்.

"சர்ஜனுக்கு வெளியில ஒரு அவசர கேஸ். சாயங்காலத்துக்கு மாத்தியாச்சே" என்றார் அங்கிருந்த டெக்னீஷியன். "ஒம்பது மணிக்கே குரூப்ல போட்டுட்டோமே, பாக்கலையா?"

"எந்தக் குரூப்ல?"

"டாக்டர்ஸ் குரூப்ல."

அந்த வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு நர்ஸ்கூடக் கிடையாது. அவர் செல்போனைக் காட்டினார். தகவலுக்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். சர்க்கரை டாக்டரும் பார்த்திருக்கிறார், மயக்க டாக்டரும் பார்த்திருக்கிறார். இன்சுலின் போட்டுப் பட்டினியாகக் கிடப்பவருக்கு என்ன செய்யப் போகிறோம் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. வார்டு இருப்பது ஒரே ஒரு மாடி கீழே!

மறுநாள் விசாரணை. டாக்டர்களுக்கு நாற்காலி, நான் நின்றேன். எங்கள் நர்ஸிங் சூப்பரின்டெண்டன்ட் தணிந்த குரலில், "பேஷண்டக் கவனிக்கத் தவறிட்டேன்னு ஒரு கடிதம் குடுத்துரும்மா, முடிஞ்சுரும்" என்றார்.

"என் தப்ப எழுதுதேன் மேடம். ஆனா நடந்தது எல்லாத்தையும் எழுதுவேன்."

சர்ஜன் நிமிர்ந்து பார்த்தார். "நீ திரும்பக் கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருக்கணும் சார். நீங்களும் சொல்லியிருக்கணும்."

இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன்: எத்தனை மணிக்கு ஊசி, எத்தனை மணிக்குப் போன், அந்த அம்மா எத்தனை முறை கேட்டார், நான் என்ன பதில் சொன்னேன், தகவல் யார் யாருக்குப் போனது, யாருக்குப் போகவில்லை. சுருக்கித் தரச் சொன்னார்கள். மாட்டேன் என்றுவிட்டேன்.

அன்று சாயங்காலம் ஆபரேஷன் செய்யாமல் தள்ளிவைத்தார்கள்; இரண்டு நாள் கழித்து நல்லபடியாக முடிந்தது. அவர்கள் வீட்டுக்குக் கிளம்பும்போது அந்தத் தம்பதியிடம் நடந்ததை நானே சொல்லி மன்னிப்புக் கேட்டேன். டாக்டர்கள் யாரும் சொல்லியிருக்கவில்லை.

இப்போது ஆபரேஷன் நேரம் மாறினால் தியேட்டரிலிருந்து வார்டுக்குப் போன் வருகிறது. சொன்னவர் பெயர், கேட்டவர் பெயர் இரண்டையும் நோட்டில் எழுதுகிறோம். மெமோ மட்டும் எனக்கு ஒருத்திக்குத்தான் வந்தது. தவறு முழுக்க என்னுடையது என்று இருந்த அதில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டேன். இன்றுவரை போடவில்லை.