மாவட்ட அணியின் ஐந்தாவது பெண்

மாவட்ட டேபிள் டென்னிஸ் அணிக்கு நான்கு பெண்களைத்தான் எடுப்பார்கள். தேர்வு ஆட்டங்களில் என் மகள் ஐந்தாவதாக வந்தாள். அப்போது அவளுக்குப் பதினோரு வயது. மறுநாள் மாலை, புனேயின் வானவடியில் அவள் பழகும் கூடத்துக்கு ஸ்கூட்டியில் அழைத்துப் போனதும் கோச் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மராட்டிக்காரர், என்னிடம் இந்தியில் பேசுவார்.

"மேடம், உங்க பொண்ணு மட்டையில பேக்ஹேண்ட் பக்கம் பிம்பிள் ரப்பர் ஒட்டிடலாம்."

புள்ளி புள்ளியாக நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் அது. அதில் பட்ட பந்து எப்படித் திரும்பும் என்று எதிராளியால் சொல்ல முடியாது. ஆனால் அதை வைத்து ஆடுகிறவளும் தன் இஷ்டத்துக்குச் சுழற்றி அடிக்க முடியாது. தேர்வில் முதலாவதாக வந்த பெண் அப்படிப்பட்ட மட்டைகளிடம்தான் தோற்றுக்கொண்டிருந்தாள். மாநிலப் போட்டிக்கு முன் அவள் பழக, அப்படிப்பட்ட மட்டையோடு எதிரில் ஆட ஒருத்தி தேவைப்பட்டாள்.

"சரி சார்," என்றேன். ஆசிரியர் ஸ்தானத்தில் இருப்பவர் எதைக் கேட்டாலும் என் வாயில் அதுதான் முதலில் வரும். பிறகுதான் கேட்டேன். "இவளோட பேக்ஹேண்ட் கெட்டுடாதா சார்?"

"சைனா எப்படி எப்பவும் ஜெயிக்குதுன்னு அன்னிக்குக் கேட்டீங்களே, இங்க பாருங்க," என்று கம்ப்யூட்டரில் ஒரு சிடியைப் போட்டார்.

அந்தக் கேள்விக்கு நானே பல பதில்கள் வைத்திருந்தேன். அங்கே ஐந்து வயதில் ஆரம்பிக்கிறார்கள். நான் எட்டு வயதில் அனுப்பினேன். அங்கே பள்ளியே ஆட்டத்துக்கு வழிவிடுகிறது. நான் வீட்டுப்பாடம் முடித்தால்தான் மட்டை என்றேன். பாதாம் அரைத்துப் பாலில் கலந்து கொடுத்தால் ஈடாகிவிடும் என்றும் நம்பினேன்.

திரையில் ஒரு சீனச் சாம்பியன் பயிற்சி செய்துகொண்டிருந்தாள். கோச் எதிரில் நின்றவளைக் காட்டினார். "இவ யாரு தெரியுமா? எனக்கும் தெரியாது. சாம்பியனோட மோதப்போற வெளிநாட்டுக்காரி ஒருத்தி மாதிரியே ஆடக் கத்துக்கிட்டு, அப்படியே ஆடறதுதான் இவ வேலை. அங்க இந்த மாதிரி கூட்டமே இருக்கு. நம்மகிட்ட?" என் மகள் இருந்த பக்கம் கையை நீட்டினார். "இவ ஒருத்திதான்."

ஹிஞ்சேவாடி நெரிசலில் கம்பெனி வண்டியில் மாட்டிக்கொண்டிருந்த கணவருக்கு அங்கிருந்தே போன் செய்தேன்.

"என்னங்க, வேணாம்னு சொல்லிடவா?"

"வேணாம்னா அவ யாரோட ஆடுவா? நீயா?"

"ஆடறேன்."

"ஆடினியே போன மாசம்! பந்து பூரா சோபாவுக்கு அடியில கெடந்துச்சு."

அவர் சொன்னது நியாயம்தான். நான் மறுத்தால், அணியில் இல்லாத அவள் சின்னப் பிள்ளைகளின் பேட்ச்சுக்குத்தான் போக வேண்டும். அங்கே பாதிப் பேருக்கு மேசை முகவாய் உயரம். ஒப்புக்கொண்டாலோ நல்ல ஆட்டக்காரியின் எதிரில் தினமும் நிற்பாள். ஆனால் அவளுடைய ஆட்டம் அவளுடையதாக இராது.

வீட்டுக்கு வரும் வழியில் சிக்னலில் நின்றபோது மகள் பின்னாலிருந்து பாதி இந்தியில் கேட்டாள். "அம்மா, மேரா பேக்ஹேண்ட் போயிடுமா?"

"போகாதுடா."

"பக்கா?"

"சாரைக் கேக்கறேன்."

"சார் சும்மா சொல்வார். நீ சொல்லு."

பச்சை விளக்கு விழுந்தது. நான் வண்டியைக் கிளப்பினேன்.

மறுநாள் கோச்சிடம் ஒரு நிபந்தனை சொன்னேன். முதலாவதாக வந்த அந்தப் பெண்ணின் பயிற்சி முடிந்ததும் அரை மணி நேரம் என் மகள் தன் பழைய மட்டையால் ஆட வேண்டும். அவரே எதிரில் நிற்க வேண்டும்.

அவர் சிரித்தார். "சைனாவுல எந்த அம்மாவும் இப்படி சப்ஜி மண்டியில காய் வாங்கற மாதிரி பேரம் பேச மாட்டா, மேடம்."

"பேசலைன்னு உங்களுக்கு எப்படி சார் தெரியும்?" என்றேன்.

"பாக்கலாம்."

பிம்பிள் ரப்பர் ஒட்டிய புது மட்டையோடு என் மகள் மேசைக்குப் போனாள். முதலில் அந்தப் பெண் அடித்ததெல்லாம் வலையில் விழுந்தது. என் மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நேரம் போகப்போக அந்தப் பெண் பந்தைப் புரிந்துகொள்ளத் தொடங்கினாள். அவள் அடித்து ஜெயித்த ஒவ்வொரு பந்துக்கும் கோச் "ஷாபாஷ்" என்றார். என் மகள் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். அவளுக்கு ஒரு ஷாபாஷாவது விழாதா என்று கடைசிவரை காத்திருந்தேன்.

பயிற்சி முடிந்து அந்தப் பெண்ணை அவள் அப்பா அழைத்துப் போனார். கோச் ஒரு பக்கத்து விளக்குகளை அணைத்துவிட்டு, சாவியைக் கையில் எடுத்தார். நான் பழைய மட்டையை எடுத்து மகளிடம் கொடுத்துவிட்டு அவர் முன்னால் போய் நின்றேன்.

"சார், அரை மணி."

அவர் வாசலைப் பார்த்தார். அதற்குள் என் மகள் மேசையின் ஒரு முனைக்குப் போய், மட்டையை முன்னால் நீட்டிக் குனிந்து நின்றுவிட்டாள். எதிரில் இன்னும் யாரும் வரவில்லை.